சுவருக்கு வடக்கே: ராயபுரம் எப்படி ராயபுரம் ஆனது?

கேள்வி இதுதான்: ராயபுரம் என்றாலே மீன், ரவுடி, கானா என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே பேட்டைக்குள் பார்சிகளின் நெருப்புக் கோயில், 1856-ஆம் ஆண்டு ரயில் நிலையம், மீனவர்களின் ராயப்பர் கோயில், அங்காளபரமேஸ்வரி கோயில், சூஃபி தர்கா எல்லாம் எப்படிச் சேர்ந்தன? இந்த ஊருக்கென்று ஓர் அடையாளம் உண்டா? நேரில் பார்க்கப் போனால் எங்கே தொடங்குவது?

சுருக்கமான பதில்: புனித ஜார்ஜ் கோட்டைக்கும் அதையொட்டி இந்தியர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்துக்கும் எதெல்லாம் தேவைப்பட்டதோ, ஆனால் எதையெல்லாம் சுவருக்குள் வைத்துக்கொள்ள மனமோ இடமோ இல்லையோ, அதெல்லாம் வந்து சேர்ந்த இடம் ராயபுரம். படகோட்டி, துணி வெளுப்பவர், பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்தவர், தொற்று நோயாளி, ரயில், கடைசியில் மீன் துறைமுகம் எல்லாமே அப்படி வந்தவைதான். அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகக் கோத்துக்கொண்டு வரும்.

ஆகவே சுவரிலிருந்து தொடங்குவோம். கோட்டை கட்டிய காலத்திலிருந்தே அதன் வடக்கு மதிலை ஒட்டித்தான் நெசவாளர்களும் வியாபாரிகளும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் குடியிருந்தார்கள். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை அந்த வீடுகளையே மறைவாக வைத்துக்கொண்டு கோட்டையைச் சுட்டது. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் கிழக்கிந்தியக் கம்பெனி செய்த முக்கியமான வேலை, அந்தப் பழைய நகரத்தை இடித்துத் திறந்த வெளியாக்கியது. இன்று உயர்நீதிமன்ற வளாகம் இருக்கும் இடம் அதுதான். இந்த எல்லைக்கோட்டைத் தாண்டிக் கட்டக் கூடாது என்று 1773-இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. பெரும்பாலோர் அதைக் கல்லறைத் தூண் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

குடிகள் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்த பிறகு, இந்தப் புதிய கறுப்பர் நகரத்துக்கும் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பும் வேலை மும்முரமானது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. செலவை மக்களிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டார்கள். வரி வசூலாகவே இல்லை, பெயர் மட்டும் மேற்கு மதிலோரத் தெருவில் ஒட்டிக்கொண்டது. அதுதான் வால்டாக்ஸ் ரோடு. வடக்கு மதில் ஓடிய தடம் இன்றைய பழைய ஜெயில் ரோடு. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டின் மேல்தான் மாடிப் பூங்கா இருக்கிறது. பூங்கா ஏன் தரையில் இல்லாமல் உயரத்தில் இருக்கிறது என்று குழம்ப வேண்டாம், அது மதிலின் தலை. அங்கே ஏறி வடக்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டுவது ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம். அங்கிருந்து ஆரம்பிக்கிறது நாம் பேசும் ஊர்.

சுவர் வந்து சில ஆண்டுகளிலேயே அதன் வேலை தெரிந்துவிட்டது. 1780-இல் ஹைதர் மறுபடி படையெடுத்தார். சுற்றுவட்டார கிராமங்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின, சனங்கள் சென்னையை நோக்கி ஓடிவந்தார்கள். 1782-இல் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, வடக்கு மதிலுக்கு வெளியே ஒரு மணியக்காரர் பொறுப்பில் கஞ்சி ஊற்றும் சத்திரம் நடந்தது. மணியக்காரர் என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் மோனிகர் ஆகி, மோனிகர் சத்திரம் என்றே பதிவாகிவிட்டது. கஞ்சிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகள், எனவே சத்திரத்தோடு வைத்தியசாலையும் சேர்ந்தது. அது வளர்ந்து வளர்ந்து, 1938-இல் மருத்துவக் கல்லூரியாகிய ஸ்டான்லி. வடசென்னைப் பெரியவர்கள் வாயில் அது இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. கவர்னர் ஸ்டான்லியின் பெயரைவிட அந்தப் பெயரில்தான் வரலாறு அதிகம் இருக்கிறது. சத்திரம் தனியாக இன்றும் முதியோர் இல்லமாக நடக்கிறது. 240 ஆண்டுக்கு மேலாக ஒரே இடத்தில் ஒரே காரியம். சென்னையில் இப்படிச் சொல்லக்கூடியவை மிகச் சில.

இனி படகுக்காரர்கள். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது என்பதை எல்லோரும் படித்திருப்போம். அதன் விளைவு என்ன என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. கப்பல் தூரத்தில் ஆழமான நீரில் நங்கூரமிடும். அங்கிருந்து ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு துரையும், கவர்னரே ஆனாலும், அலை உடையும் கரையைத் தாண்டிப் படகில்தான் வர வேண்டும். கப்பலின் சாதாரணப் படகை இறக்கினால் அலை தூக்கி மணலில் அடிக்கும், பலகை பிளக்கும். இங்கே ஓடியது மசூலா. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு. உள்ளே விறைப்பான விலா எலும்புச் சட்டம் கிடையாது. மணலில் மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும், பலகை உடையாது. ஆனால் தைத்த இடமெல்லாம் நீர் கசியும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு உப்பில் நைந்துவிடும், பிரித்துத் தைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடல் இதற்கும் அடங்காத நாளில் கட்டுமரம் மட்டும் போகும். அதில் போகிறவர் கடிதத்தைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்கு நீந்தியும் மிதந்தும் சேர்ப்பார்.

இதை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. அலை எப்போது உடையும், எந்த அலையின் முதுகில் படகை ஏற்ற வேண்டும் என்பது தலைமுறையாக வரும் கணக்கு. ஆகவே கம்பெனியின் மொத்த வியாபாரமும் இந்த மனிதர்களின் கையில் இருந்தது. அவர்கள் படகை இறக்க மறுத்தால் கப்பல் நின்றுவிடும். படகுக்காரர்கள் மூட்டையைத் திருடுகிறார்கள், கூலி அதிகம் கேட்கிறார்கள் என்று துரைமார் எழுதிய புலம்பல்களை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். பேரம் பேசும் பலம் உள்ள தொழிலாளியைப் பற்றி முதலாளி எழுதுவது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

இவர்களில் பெரும்பகுதி கத்தோலிக்கர்கள், அவர்கள் கோயில் புனித பேதுருவின் கோயில். ஊர்ப் பெயரின் சாவி இங்கேதான். தமிழ்க் கத்தோலிக்கர் மரபில் பேதுருவுக்கு ராயப்பர் என்று பெயர், பவுலுக்குச் சின்னப்பர். பேதுரு என்ற கிரேக்கப் பெயருக்குப் பாறை என்று பொருள். தெலுங்கில் ராயி என்றால் கல். ராயப்பர் இருக்கும் ஊர் ராயபுரம். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் என்பதால் படகுக்காரர்கள் அந்தப் புனிதரை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. விஜயநகர ராயர்களோடு முடிச்சுப் போடும் விளக்கம் காதில் விழும், ஆனால் அதற்கு இந்த அளவு பிடிமானம் இல்லை.

பெயர் விளக்கங்களில் வடசென்னையில் தவறு நடக்கும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றை எழுதுபவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். தண்டையார்பேட்டை, குணங்குடி மஸ்தான் சாகிபுவால் வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். தொண்டிக்கு அருகே பிறந்தவர், எனவே தொண்டியார், அவர் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்தது 1792. எழும்பூர், புரசைவாக்கம் இரண்டோடு சேர்த்து இந்தக் கிராமத்தையும் கம்பெனி 1693-லேயே பெற்றுவிட்டது. ஊர் அவருக்கு 99 ஆண்டு மூத்தது. இன்றைய பெயரின் உச்சரிப்பு அவரால் நிலைத்திருக்கலாம், அதைத் தாண்டிச் சொல்ல முடியாது. மாறாக, திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டையில் சாமியார் யாருடைய காலடியும் இல்லை. அது 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக உருவாக்கிய காலட்பேட்டை. ஒன்றில் சாமியார் இருக்கிறார், காலம் ஒத்துவரவில்லை. இன்னொன்றில் சாமியாரே இல்லை. ஊர்ப் பெயருக்கு விளக்கம் கேட்டால் முதலில் பெயர் ஏறிய ஆண்டைக் கேட்க வேண்டும்.

மஸ்தான் சாகிபு 1838 வரை இங்கே வாழ்ந்து இங்கேயே அடங்கினார். அவருடைய பாடல்களைத் தங்களுக்கு மூலமாகச் சொல்லும் கானாப் பாடகர்கள் உண்டு. பராபரத்தை நோக்கிய தமிழ், அரபிச் சொல்லும் சித்தர் குரலும் கலந்த தமிழ், சாவு வீட்டில் பறையும் டேப்பும் வைத்துப் பாடுகிறவர்களிடம் வந்து சேர்ந்தது. கானாவை வெறும் குத்துப்பாட்டு என்று நினைப்பவர்களுக்கு மரண கானாவை உட்கார்ந்து ஒரு ராத்திரி கேட்கச் சொல்ல வேண்டும்.

வண்ணாரப்பேட்டை பக்கத்து ஊர்தான், ஆனால் பிரித்துப் பேச முடியாது. நெசவுத் துணிதான் கம்பெனியின் முதல் சரக்கு. தறியிலிருந்து வரும் துணி பழுப்பாக, கஞ்சிப் பசையோடு இருக்கும். அதை வெளுத்து, உலர்த்தி, மடித்தால்தான் கப்பலில் ஏறும். அதற்கு நல்ல தண்ணீரும் பரந்த வெளியும் வேண்டும், சுவருக்குள் இரண்டும் இல்லை. எனவே வெளுப்பவர்கள் வடக்கே. நெசவு இந்தப் பகுதியில் வேரோடியிருந்ததற்கு இன்னொரு அடையாளம் பிட்டி தியாகராய செட்டியார். விசைநாடாத் தறியைப் பரப்பியவர், 1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். வண்ணாரப்பேட்டையில் இருக்கும் கல்லூரி 1950-இல் அவர் பெயரில் தொடங்கியது. தியாகராய நகரும் அவர் பெயர்தான் என்பதைத் தென்சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

சுவரின் அரசியல் வேறொரு விதத்திலும் இங்கே தொடர்ந்தது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் மழையில் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில். மவுண்ட் ரோட்டில் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், கேட்க வருகிற கூட்டம் எங்கே குடியிருந்தது என்பதே பதில். துறைமுகம், ரயில்வே, ஆலை என மூன்றின் தொழிலாளிகளும் நடந்து வரும் தூரத்தில் இருந்த பூங்கா அது.

ரயில் நிலையத்துக்கு வருவோம். மதராஸ் ரயில்வே கம்பெனி தன் தலைமையிடத்தை ராயபுரத்தில் வைத்தது. சரக்கு இறங்கும் கடற்கரை பக்கத்தில், சுவருக்கு வெளியே என்பதால் இடம் தாராளம், கறுப்பர் நகரத்து வியாபாரிகளுக்கும் தூரமில்லை. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடுவரை வண்டி ஓடியது. சுமார் 100 கிலோமீட்டர், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை. பம்பாயிலும் தாணேயிலும் 1853-இல் இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. அதனால் துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் ராயபுரத்தின் தூண் வரிசைதான். 1873-இல் சென்ட்ரல் வந்தது, பயணிகள் அங்கே போய்விட்டார்கள். 1922-இல் தலைமை அலுவலகமும் போனது. பிறகு பல பத்தாண்டுகள் கட்டடம் கிடங்குபோலக் கிடந்து, 2005-இல்தான் புதுப்பித்தார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் சென்ட்ரல் அளவுக்கு எதிர்பார்த்து ஏமாறுவதுண்டு. அது சிறியது, அந்தக் காலத்து ரயிலும் சிறியது.

ரயிலோடு ஆங்கிலோ இந்தியர்கள் வந்தார்கள். டிரைவர், கார்டு, பிட்டர் வேலைகளில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடுபோலவே இருந்த காலம். பெரம்பூர்ப் பணிமனை அவர்களில் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் இன்னொரு பகுதியை. வேலை வந்தபோது வந்தார்கள், வேலையின் உரிமை போனபோது போனார்கள்.

பார்சிகள் கதை இதற்கு நேர் எதிர். 1795-இல் குடகிலிருந்து ஹீர்ஜிபாய் மானெக்ஜி காராஸ் என்பவர் சில குடும்பத்தாரோடும் இரண்டு குருமாரோடும் வந்து ராயபுரத்தில் நிலம் வாங்கினார். அடுத்த 115 ஆண்டுகள் அவர்களுக்கு இங்கே நெருப்புக் கோயில் இல்லை. ஃபிரோஜ் கிளப்வாலா, இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாகக் கட்டிய கோயில் 1910 ஆகஸ்டில் பிரதிஷ்டை ஆனது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருக்கும் ஒரே கோயில் அதுதான். அது இருக்கும் அரத்தூன் ரோடு ஓர் ஆர்மேனியப் பெயர். அதாவது ஆர்மேனியர் பெயர் தாங்கிய தெருவில் பார்சி கோயில், நடந்துபோகிற தூரத்தில் மீனவர்களின் கத்தோலிக்கக் கோயில். இறந்தவர் உடலைப் பறவைகளுக்காக வைக்கும் அமைதிக் கோபுரம் சென்னையில் இல்லாததால் பார்சிகள் இங்கே இறந்தவர்களைப் புதைக்கிறார்கள். பம்பாய் பார்சிகளிடம் சொன்னால் புருவம் உயரும். ஊர் மதத்தையும் கொஞ்சம் வளைக்கும்.

ஒரு நடைமுறைத் தகவல்: பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. வாசலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். காவலாளியிடம் கெஞ்சி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இப்போது கடலுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ராயபுரத்தின் இன்றைய நிலைக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. 1861-இல் கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம் வந்தது. 1870-களின் நடுவில் இரண்டு கல் கரங்களை நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டி, 1904-க்குப் பின் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாசலை வடகிழக்குப் பக்கம் திருப்பி, கப்பல் நேரே கரையை அணையும்படி செய்தார்கள். மசூலாவுக்கு வேலை போனது. தைத்த படகின் தொழிலும் அந்தக் கணக்கும் ஒரு தலைமுறையில் அழிந்தன.

அதைவிடப் பெரிய மாற்றம் மணலில். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திசை மாறும், ஆனால் ஆண்டுக் கணக்கில் மிச்சம் வடக்குதான். துறைமுகச் சுவரைக் குறுக்கே போட்டதும் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தேங்கியது. அப்படித் தேங்கிய மணல்தான் இன்று நாம் பெருமையாகச் சொல்லும் அகன்ற மெரினா. வடக்கே மணல் வராமல் நின்றது, ஆனால் அலை எடுத்துப் போவது நிற்கவில்லை. எனவே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரை தின்னப்பட்டது. குப்பத்துத் தெருக்கள், கோயில்கள், கட்டுமரம் ஏற்றி வைக்கும் மணல்மேடு எல்லாம் கடலுக்குள். அரசு கருங்கல்லைக் கொட்டியது. கல் கரையைக் காத்தது, ஆனால் கல்லின் மேல் கட்டுமரத்தை ஏற்ற முடியாது. கல் முடியும் இடத்துக்கு வடக்கே அரிப்பு இன்னும் வேகமாகும், அங்கே மேலும் கல், இப்படியே எண்ணூர் பக்கம்வரை. பிறகு வந்த தூண்டில் வளைவுகள், அதாவது கடலுக்குள் நீட்டிய கல் சுவர்கள், சில இடங்களில் கொஞ்சம் மணலைப் பிடித்திருக்கின்றன. தென்சென்னைக்குக் காற்று வாங்க மணலும், வடசென்னைக்குக் கருங்கல்லும் வந்தது ஒரே கட்டுமானத்தால். எந்தப் பக்கத்து மக்கள் அழகானவர்கள், எந்தப் பக்கத்தவர் முரடர்கள் என்ற பேச்சுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கரை போனதால்தான் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் இத்தனை முக்கியமானது. விசைப்படகுகள் ஒரு வாரத்துக்கு மேலும் கடலில் தங்கி, ஐஸில் மீனைப் போட்டுக் கொண்டுவரும். ஏலம் விடியலுக்கு முன்பே, இரண்டு மூன்று மணிக்கே சூடுபிடிக்கும், ஞாயிறு அதிகக் கூட்டம். ஏலத்தில் விலை கூடைக்கு, கிலோவுக்கு இல்லை. வீட்டுக்கு வாங்குகிறவர் அங்கே நின்று கை தூக்கினால் வஞ்சரத்தோடு வேண்டாததும் சேர்ந்து ஒரு கூடை தலையில் விழும். கொஞ்சம் தள்ளி, ஏலத்தில் எடுத்துக் கூறு போட்டு விற்கும் பெண்களிடம் வாங்குவதே சரி. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக, கோழை இல்லாமல் இருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் ஐஸில் நாள்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது போனால் நாட்டுப்படகு மீன்தான், அளவு குறைவு, விலை ஏறும். வெளி மாநில மீனும் கலந்து வரும். இந்தப் படகுகளில் வேலை செய்கிறவர்களில் ஆந்திரக் கரையிலிருந்து வந்தவர்கள் நிறைய. கடற்கரையில் தெலுங்கு கேட்பது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை.

பேச்சுக்கு வந்துவிட்டோம். மெட்ராஸ் பாஷையைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்களுக்கு, கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுகிறேன்: "இன்னா நைனா, காலைலேர்ந்து நாஷ்டா கூட துன்னாம பேஜார் பண்ணிக்கினு கீற?" நைனா தெலுங்கில் அப்பா, வாஞ்சையாக யாரையும் அழைக்கலாம். நாஷ்டா இந்துஸ்தானி வழியாக வந்த பாரசீகம், காலைச் சாப்பாடு. பேஜாரும் பாரசீகம், சலிப்பு. துன்னாம என்பது தின்னாமல். பண்ணிக்கினு என்பதில் இருக்கும் கினு, கொண்டு என்பதன் தேய்வு. கீற என்பது இருக்கிறாய், முன்பாதி உதிர்ந்து பின்பாதி நீண்டது. வினையும் உருபும் முழுக்கத் தமிழ், பெயர்ச்சொற்கள் மட்டும் யார் யாரோ இறக்கிவைத்தவை. துட்டு டச்சு நாணயத்தின் பெயர். பேமானி, ஈமான் இல்லாதவன். கலீஜ், அழுக்குக்கு உருதுச் சொல். ழகரம் யகரமாகும்: வாயப்பயம், கோயி. ஒழுங்கு இல்லாத பேச்சு என்றால் இப்படி ஒரே விதியாக மாறாது. சுவருக்கு வெளியே யார் யாரோடு வேலை செய்தார்கள் என்பதற்கு இதைவிட நம்பகமான ஆவணம் கிடைக்காது, சொல்லை யாரும் பொய்யாகப் பதிவு செய்வதில்லை.

விளையாட்டு பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலக் குத்துச்சண்டையைத் துறைமுகத்திலிருந்தும் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டு, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகப் பிரித்துத் தன்னுடையதாக்கியது வடசென்னை. கேரம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பெண். கேரத்துக்கு மைதானம் வேண்டாம், நாலு பேர் நிற்கும் சந்து போதும், அதனால்தான் இங்கே கேரம்.

படிக்கிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ராயபுரம் என்று தேடும்போது மூன்று வேறு ராயபுரங்கள் கிடைக்கும். மாநகராட்சியின் 5-ஆவது மண்டலத்துக்கு ராயபுரம் என்று பெயர், ஆனால் அதில் சௌகார்பேட்டையும் ஜார்ஜ் டவுனும் அடக்கம். சட்டமன்றத் தொகுதி, எண் 17, வேறு எல்லை. ஊர்க்காரர் சொல்லும் ராயபுரம் இரண்டையும்விடச் சிறியது, கல்மண்டபம், பனைமரத்தொட்டி, சிங்காரத்தோட்டம் என்று பஸ் நிறுத்தத்தால் அளக்கப்படுவது. மண்டலத்தின் மக்கள்தொகையை எடுத்து மீனவர் பேட்டையின் மேல் ஒட்டிவிட்டால் எல்லா முடிவும் தவறாகும். ராயப்பேட்டையோடு குழப்புவது இதைவிடச் சாதாரணப் பிழை, அது தெற்கே.

நேரில் பார்க்க ஒரு காலை போதும். மண்ணடி மெட்ரோவில் இறங்கி வடக்கே நடந்தால் பழைய ஜெயில் ரோடும் மாடிப் பூங்காவும். பூங்கா சில நாள் பூட்டியிருக்கும், வெளியிலிருந்தே மதிலின் கனம் தெரியும். அங்கிருந்து ஸ்டான்லி, எதிரே மோனிகர் சத்திரம். பிறகு கிழக்கே திரும்பி ரயில் நிலையம், அரத்தூன் ரோடு, ராயப்பர் கோயில், கல்மண்டபம், அங்காளபரமேஸ்வரி கோயில். மாசி மாதம் மயானக் கொள்ளை நாளில் போனால் தெருவில் நடக்க இடம் இருக்காது, ஆனால் அந்த நாளைத் தவறவிடக் கூடாது. மீன் பார்க்க வேண்டுமென்றால் வரிசையைத் தலைகீழாக்கி, இருட்டில் காசிமேட்டில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் தெற்கே சுவருக்கு வந்துவிட வேண்டும். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும், தரை முழுக்க ஐஸ் தண்ணீர்.

ரயிலில்தான் ராயபுரத்தில் இறங்குவேன் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்ட்ரலில் கிளம்பும் கும்மிடிப்பூண்டி வண்டி பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும், ராயபுரத்தைத் தொடாது. பீச் ஸ்டேஷனில் கிளம்புவதுதான் நிற்கும். அதில் ஏறினால், 1856-இல் வண்டி கிளம்பிய அதே இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போகும்.